உங்க கூகுள் அக்கவுண்ட்டுக்கு நாமினி யாரு?

எஃப்டி போடும்போது நாமினி பேரு எழுதறீங்க. டெர்ம் இன்ஷூரன்ஸ்ல எழுதறீங்க. டீமேட் கணக்குல எழுதலைன்னா அந்த ஆப் உங்களை விடறதே இல்ல. சரி, இவ்வளவுக்குமான பேப்பர் எல்லாம் எங்க இருக்கு? ஒரே ஒரு ஜிமெயில் ஐடிக்குப் பின்னாடி. அந்த ஐடிக்கு நாமினி யாருன்னு என்கிட்ட வர்ற கிளையண்ட்ஸ்கிட்ட கேட்டா, ஏதோ தப்பான கேள்வி கேட்ட மாதிரி பார்க்கறாங்க.

இது வீடியோவா வரவேண்டிய விஷயம். ஆனா கணக்கை விட கதை ஜாஸ்தி, அதனால எழுத்தாவே போடறேன்.

பொங்கலுக்கு அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சத்திரம். சேலத்துல இருந்து நாமக்கல் வர்ற ரோட்டுல, ஆண்டகளூர்கேட் தாண்டி வரும். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு சாயங்காலம் திண்ணையில மூணு பேரு. சித்தி பையன் பெங்களூர்ல டெவலப்பர். அவனோட காலேஜ் ஃப்ரெண்ட் சென்னை ஓஎம்ஆர்ல. பெரியம்மா பையன் ஊர்லயே உட்கார்ந்து ஒரு அமெரிக்க கம்பெனிக்கு வேலை பார்க்கறான். புரோகிராமர்ஸ் மூணு பேரு ஒண்ணா உட்கார்ந்தா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், உங்கள்ல பாதிப் பேர் அந்த ஆளுங்கதான். எந்த இயர்பட்ஸ் நல்லா இருக்கு, வீட்டு ஸ்மார்ட் பல்பைப் போட எதுக்குடா சிக்னல் கடல் தாண்டிப் போயிட்டு வரணும், நெட் இல்லைன்னா லைட் எரியாத ஒரு வீட்டை எவன் கண்டுபிடிச்சான், இந்த மாதிரி.

அப்பதான் பெரியம்மா பையன் போன்ல 'ஸ்டோரேஜ் ஃபுல்'னு வந்துச்சு. பேச்சு கிளவுட் பக்கம் திரும்பிடுச்சு.

"கிளவுட்னா வேற ஒண்ணும் இல்லைங்கக்கா, இன்னொருத்தன் கம்ப்யூட்டர்"னு ஃப்ரெண்ட் தம்பி சிரிச்சான். அவங்க தொழில்ல இது பழைய ஜோக். சித்தி பையன் உடனே கிட்லேப் கதையை எடுத்தான். 2017 ஜனவரி 31. ஒரு இன்ஜினியர் ராத்திரி வேலையில தப்பான சர்வர்ல கமாண்ட் போட்டு, சுமார் 300 ஜிபி டேட்டாபேஸை அழிச்சுட்டாரு. பேக்கப் இருக்குன்னு போய்ப் பார்த்தா ஒண்ணு சரியா ஓடவே இல்ல, இன்னொண்ணு வெறும் காலி. அதே இன்ஜினியர் ஆறு மணி நேரம் முன்னாடி வேற எதுக்கோ எடுத்து வெச்சிருந்த ஒரு காப்பிதான் கம்பெனியைக் காப்பாத்துச்சு. இதை மூணு பேரும் பேய்க்கதை சொல்ற மாதிரி சொன்னாங்க. அப்புறம் 3-2-1 ரூல் பத்திப் பேச்சு வந்துச்சு: மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், அதுல ஒண்ணு வேற இடத்துல. பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராபர் எழுதிப் பிரபலமாக்கின ரூல் இது. எல்லாருக்கும் மனப்பாடம்.

நான் சும்மா இருக்காம, "டேய், உன் ஃபார்ம் 16 எல்லாம் எத்தனை காப்பி இருக்கு?"ன்னு கேட்டேன்.

சித்தி பையன் யோசிச்சான். "அது... மெயில்ல இருக்கும்க்கா."

எந்த மெயில்? ஆபீஸ் மெயில்.

இவன் எழுதற கோட் இவன் லேப்டாப்ல ஒண்ணு, டீம்ல ஒவ்வொருத்தன் லேப்டாப்லயும் முழு ஹிஸ்டரியோட ஒவ்வொண்ணு, சர்வர்ல ஒண்ணுன்னு பத்து இடத்துல இருக்கு. நாளைக்கு அந்தக் கம்பெனியே அந்த கோடைத் தூக்கிப் போட்டுடும். ஆனா இவனோட சம்பளம், வரி, பங்கு எல்லாத்துக்குமான ஆதாரம் ஒரே இடத்துல, அதுவும் இன்னொருத்தன் எப்ப வேணா பூட்டக்கூடிய இடத்துல இருக்கு.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. போன வருஷம் என் கிளையண்ட் ஒருத்தருக்கு நடந்தது சொல்றேன். வயசு 31. ஒரு காலையில ஹெச்ஆர் கூப்பிட்டாங்க. பதினஞ்சு நிமிஷ கால். கால் முடியும்போதே லேப்டாப் லாக் ஆயிடுச்சு. கம்பெனி டிரைவ்ல இடத்துக்குக் கணக்கே இல்லைன்னு நாலு வருஷ ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர், ஈசாப் கொடுத்த கடிதம், அதை எக்சர்சைஸ் பண்ணின நாளோட மதிப்புக் கணக்கு எல்லாத்தையும் அங்கேயே வெச்சிருந்தாரு. கொஞ்ச மாசம் கழிச்சு வீட்டுச் செலவுக்காக அந்த ஷேரை வித்தாரு. ரிட்டர்ன் போட என்கிட்ட வந்தாரு. கையில ஒண்ணுமே இல்ல.

இதுல என்ன சிக்கல்னா, ஈசாப்பை எக்சர்சைஸ் பண்ணும்போது, அன்னைக்கு மார்க்கெட் மதிப்புக்கும் நீங்க கட்டின விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாவே வரிக்கு வந்துடும். பின்னாடி விக்கும்போது அந்த மார்க்கெட் மதிப்புதான் உங்க அடக்க விலை. உதாரணத்துக்கு, நீங்க கட்டினது 1 லட்சம், அன்னைய மதிப்பு 7 லட்சம், வித்தது 9 லட்சம்னு வெச்சுக்கங்க. லாபம் 2 லட்சம்தான். ஆனா அந்த 7 லட்சத்துக்கு ஆதாரம் காட்ட முடியலைன்னா பேச்சு 8 லட்சம் லாபம்ங்கற பக்கம் போகும். ஏற்கெனவே சம்பளத்துல வரி கட்டின அதே 6 லட்சத்துக்கு மறுபடியும் வரி. ஃபார்ம் 16-ஐ நீங்களே போய் இறக்கிக்கவும் முடியாது, கம்பெனிதான் எடுத்துத் தரணும். 26ஏஎஸ்ல பிடிச்ச வரி தெரியும், ஈசாப் மதிப்போட விவரம் தெரியாது.

பழைய ஹெச்ஆருக்கு மெயில் மேல மெயில். ஆறு வாரம். கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு ஸிப் ஃபைல் வந்துச்சு. அந்த ஆறு வாரம் அவர் தூங்கலைன்னு அவர் மனைவி சொன்னாங்க. வேலை போனதை விட இதுதான் அவரை வாட்டுச்சாம்.

அதனால முதல் விஷயம், ஆபீஸ் டிரைவ் உங்க பீரோ இல்ல. சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, ஈசாப் பேப்பர், இன்கிரிமென்ட் லெட்டர் எல்லாம் வந்த அன்னைக்கே பர்சனல் பக்கம் இறக்கிடுங்க. (அதே சாக்குல கம்பெனி கோடையும் கிளையண்ட் டேட்டாவையும் இறக்கி வெக்காதீங்க. அது வேற கேஸ், அதுக்கு வக்கீல்கிட்ட போகணும்.)

சரி, பர்சனல் ஜிமெயில்ல போட்டுட்டா முடிஞ்சுதா? திண்ணையில அன்னைக்கு சூடான வாக்குவாதமே இதுலதான்.

ஃப்ரெண்ட் தம்பி சொன்னான், "கூகுள் நம்மள விட நூறு மடங்கு நல்லா டேட்டாவைப் பாத்துக்குவாங்க, ஹார்ட் டிஸ்க் போகும், கூகுள் போகாது." அது உண்மை. நான் மறுக்கல. ஆனா கூகுள் போகாதுங்கறதும், கூகுள்ல உங்க அக்கவுண்ட் போகாதுங்கறதும் ஒண்ணு இல்ல.

குஜராத்ல ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர். தன்னோட சின்ன வயசு போட்டோக்களை டிரைவ்ல ஏத்தினாரு. அதுல ரெண்டு வயசுல பாட்டி குளிப்பாட்டற படம் ஒண்ணு இருந்துச்சு. குழந்தை ஆபாசம்னு முடிவு பண்ணி 2023-ல அவர் அக்கவுண்ட்டைப் பூட்டிட்டாங்க. மெயில், தொழில் தொடர்பு எல்லாம் போச்சு. அவர் குஜராத் ஹைகோர்ட்டுக்குப் போனாரு, 2024 மார்ச்ல கோர்ட் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டு ஆல்பத்துல அப்படி ஒரு படம் இல்லாத வீடு உண்டா? குழந்தைகளைக் காப்பாத்த அந்த மாதிரி சோதனை வேணும்தான், அதுல தகராறு இல்ல. ஆனா மெஷின் தப்பாப் பிடிச்சா, நீங்க போய் நிக்கறதுக்கு ஒரு பிராஞ்ச் கிடையாது, ஒரு மேனேஜர் கிடையாது.

"இலவசமா யூஸ் பண்ணினா அப்படித்தான், காசு கட்டினா பண்ண மாட்டாங்க"ன்னான் பெரியம்மா பையன். நயாரா எனர்ஜியை எடுத்துக்கங்க. குஜராத் வாடினார்ல பெரிய ரிஃபைனரி வெச்சிருக்கற கம்பெனி. காசு கட்டித்தான் மைக்ரோசாஃப்ட் மெயிலும் டீம்ஸும் வாங்கியிருந்தாங்க. 2025 ஜூலையில ஐரோப்பிய யூனியன் தடை விதிச்சதும் அந்த சர்வீஸ் எல்லாம் நின்னு போச்சு. டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, அந்த மாசக் கடைசியில திரும்பக் கிடைச்சுது. ஒரு ரிஃபைனரிக்கு வக்கீல் இருக்காங்க. உங்களுக்கும் எனக்கும்?

"அப்ப ஜோஹோவுக்கு மாறிடலாம், நம்ம ஊர்க் கம்பெனி"ன்னு அடுத்த பேச்சு. ஜோஹோ எனக்கும் பிடிக்கும், சில கிளையண்ட்ஸுக்குக் கணக்கே அதுலதான் போடறோம். ஆனா எல்லா முட்டையையும் ஒரு கூடையில இருந்து எடுத்து இன்னொரு கூடையில வெக்கறதுக்குப் பேரு பாதுகாப்பு இல்ல. முட்டை ஊருக்காரங்க நாம, இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அமெரிக்கக் கூடையா தமிழ்நாட்டுக் கூடையாங்கறது தேசபக்திக் கேள்வி. ஒரு கூடையா ரெண்டு கூடையாங்கறதுதான் பணத்துக் கேள்வி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை ஆஸ்திரேலியாவோடது. யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி, நம்ம இபிஎஃப் மாதிரி, 6 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். 2024 மே மாசம் அவங்க உள்ள போய் பேலன்ஸ் பார்க்க முடியல. என்னன்னா, அந்த நிதிக்காக கூகுள் கிளவுட்ல வெச்சிருந்த ஒரு பிரைவேட் கிளவுட் அமைப்பே அழிஞ்சு போச்சு. அதை அமைக்கும்போது கூகுள் பக்கம் ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டிருக்காங்க. அதனால ஒரு வருஷத்துல தானா காலாவதி ஆகற மாதிரி பதிவாயிடுச்சு. ஒரு வருஷம் முடிஞ்சுது, சிஸ்டம் சொன்ன வேலையைச் செஞ்சுது. ரெண்டு இடத்துல காப்பி இருந்துச்சு, ரெண்டும் அந்த ஒரே அமைப்புக்குள்ள இருந்ததால ரெண்டும் போச்சு. மீட்க உதவினதுல ஒண்ணு, வேற ஒரு கம்பெனிகிட்ட தனியா வெச்சிருந்த பேக்கப். யாரோ ஒருத்தர் பட்ஜெட் மீட்டிங்ல "எதுக்கு இன்னொரு இடத்துக்கும் காசு?"ன்னு கேட்டிருப்பாங்க, இன்னொருத்தர் பிடிவாதமா நின்னிருப்பாங்கன்னு நான் கற்பனை பண்ணிக்கறேன். நான் பார்க்கற எல்லா பட்ஜெட் மீட்டிங்லயும் அது நடக்குது.

நம்ம நாட்டுச் சட்டம்கூட இதை நம்பல. கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தை கம்ப்யூட்டர்ல வெச்சா, இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல தினமும் பேக்கப் எடுக்கணும்னு 2022 ஆகஸ்ட்ல விதியை மாத்தினாங்க. பத்துப் பேர் வேலை செய்யற பிரைவேட் லிமிடெட்டுக்கும் இது உண்டு. உங்க வீட்டுக் கணக்குக்கு அப்படிக் கேட்க ஆடிட்டர் யாரும் இல்ல.

பேங்க்ல போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கு. டிரைவ்ல போட்ட ஃபைலுக்கு? ஒண்ணும் கிடையாது. நான் கிளவுட் வேண்டாம்னு சொல்லல. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில பத்திரம், மார்க்‌ஷீட் எல்லாம் தண்ணியில ஊறிப் போயி, நகல் வாங்க கவர்ன்மென்ட் முகாம்ல கியூவுல நின்னவங்களைக் கேளுங்க, பேப்பர் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு சொல்வாங்க.

சின்னச் சின்னதா நிறைய பேர் மாட்டற இடம் வேற. கூகுள் இலவசமாத் தர்ற 15 ஜிபி மெயில், டிரைவ், போட்டோ மூணுக்கும் சேர்த்துதான். 2021 ஜூன் 1-ல இருந்து போட்டோவும் அதுல கணக்கு. நிறைஞ்சு போச்சுன்னா புது மெயில் உள்ளயே வராது. என் கிளையண்ட் ஒருத்தருக்கு 139(9) நோட்டீஸ், அதாவது 'உங்க ரிட்டர்ன்ல குறை இருக்கு, 15 நாளுக்குள்ள சரி பண்ணுங்க'ன்னு வந்தது, இப்படித்தான் கண்ணுல படாமப் போச்சு. பெட்டி நிறைய குழந்தை வீடியோ. போர்ட்டல்ல இருந்துச்சு, ஆனா அவர் ஆகஸ்ட்டுக்கு அப்புறம் போர்ட்டல் பக்கமே போகல.

இன்னொண்ணு, சிங்க் வேற, பேக்கப் வேற. போன்ல இடம் இல்லைன்னு கூகுள் போட்டோஸ்ல போய் அழிச்சா கிளவுட்லயும் அழியும். 60 நாள் குப்பைத் தொட்டியில கிடக்கும், அப்புறம் இல்ல. எங்க மாமா வீடு கட்டின பில்லை எல்லாம் போட்டோ எடுத்து வெச்சு, இப்படித்தான் துடைச்சுட்டாரு. அந்த வீட்டை விக்கற அன்னைக்குத்தான் அதோட விலை தெரியும்.

அதே மாமா லாரி வெச்சிருக்காரு. டிரைவருங்க ஆர்சி, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கர்ல காட்டறாங்க, செக்போஸ்ட்ல ஏத்துக்கறாங்க. அதனால "எல்லாத்தையும் டிஜிலாக்கர்ல போட்டுட்டா போதும், கவர்ன்மென்ட் சர்வர்"னு அவர் அடிச்சுச் சொல்வாரு. ஒரு நுணுக்கம் இருக்கு. டிஜிலாக்கர்ல 'இஷ்யூடு' பகுதியில, அந்தந்தத் துறையே தர்ற ஆவணம்தான் ஒரிஜினலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் பண்ணி ஏத்தினது வெறும் ஸ்கேன். நிலப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணி ஏத்திட்டு ஒரிஜினலை அலட்சியமா விட்டுடாதீங்க. கவர்ன்மென்ட் சர்வர்ங்கறதுக்கு பதில் தென்கொரியாவுல இருக்கு: 2025 செப்டம்பர் 26, டேஜியான் நகரத்து அரசு டேட்டா சென்டர்ல தீ. அரசு ஊழியர்கள் ஃபைல் வெச்சிருந்த ஜி-டிரைவ், 858 டெராபைட், வெளியில காப்பி இல்லாததால மொத்தமும் போச்சு.

நான் என்ன பண்றேன்னு கேப்பீங்க. வருஷம் 1,300 ரூபாய் கட்டி 100 ஜிபி வாங்கியிருக்கேன், மெயில் நிக்காம வரணும்ங்கறதுக்காகவே. பணம் சம்பந்தப்பட்ட பேப்பர் மட்டும் ஒரு தனி ஃபோல்டர், அதோட இன்னொரு காப்பி வேற கம்பெனி கிளவுட்ல. அந்த ரெண்டாவது அக்கவுண்ட்டோட ரெகவரி மெயில் முதல் அக்கவுண்ட் இல்ல, அதைக் கவனிங்க. மூணாவது ஒரு ஹார்ட் டிஸ்க், பாஸ்வேர்டு போட்டு. வருஷா வருஷம் ரிட்டர்ன் போடற வாரத்துல அதைச் சொருகி, ரெண்டு ஃபைலைத் திறந்து பார்ப்பேன். கிட்லேப்காரங்க திறந்து பார்க்கலை, அவ்வளவுதான் வித்தியாசம். கூகுள் தர்ற பத்து பேக்கப் கோடைப் பிரின்ட் எடுத்து பீரோவுல வெச்சிருக்கேன், ஏன்னா போன் தொலைஞ்சா ஓடிபியும் தொலையும். இதைச் சொல்ற நானும் யோக்கியம் இல்ல. திண்ணையில உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்தா என் ரெகவரி நம்பர் ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல வெச்சிருந்த பழைய சிம். அது இப்ப யார் கையில இருக்கோ.

நாமினிக்கு வர்றேன். கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒரு செட்டிங் 2013-ல இருந்தே இருக்கு. மூணு மாசமோ ஆறு மாசமோ நீங்க அக்கவுண்ட்டைத் தொடலைன்னா, நீங்க சொன்ன ஆளுக்குத் தகவல் போகும், நீங்க சம்மதிச்ச டேட்டாவை அவங்க இறக்கிக்கலாம். ஆப்பிள்ல லெகசி கான்டாக்ட்னு இருக்கு. ரெண்டையும் வெச்சா பத்து நிமிஷ வேலை. வெக்கலைன்னா, ரெண்டு வருஷம் தொடாத அக்கவுண்ட்டை கூகுள் அழிக்கலாம்ங்கறது 2023 டிசம்பர்ல இருந்து நடைமுறை. செபியும் 2025 ஏப்ரல்ல இருந்து டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் விவரத்தை டிஜிலாக்கர்ல வெச்சு, அதுல நீங்க குறிப்பிட்ட நாமினிக்கு, உங்களுக்குப் பின்னாடி தகவல் போற மாதிரி வழி பண்ணியிருக்கு. அதையும் வெச்சுடுங்க. உங்க மனைவிக்கோ அப்பாவுக்கோ உங்க ஃபண்ட் எத்தனைன்னு தெரியாமலே போறதை விடக் கொடுமை எதுவும் நான் இந்தத் தொழில்ல பார்க்கல.

பொங்கல் முடிஞ்சு கிளம்பற அன்னைக்கு சித்தி பையன் ஒரு ஹார்ட் டிஸ்க்கோட வந்தான். 3-2-1-ல 'வேற இடம்'னு ஒண்ணு வேணுமே, அதுக்கு பெங்களூர்ல இருந்து புதுச்சத்திரம்தான் சரியாம். அம்மாயியோட டிரங்குப் பெட்டி, நிலப் பத்திரம், தாத்தா காலத்து ரசீதுக்கட்டு, நாப்தலின் உருண்டை எல்லாத்துக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சான். "இதுக்குள்ள என்னடா இருக்கு?"ன்னு அம்மாயி கேட்டாங்க. "என் சம்பளம் அம்மாயி"ன்னான். அவங்க நம்பாம ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாங்க. "அய்யோ குலுக்காத!"ன்னு கத்தினான் பாருங்க.

உங்க அக்கவுண்ட்டுக்கு ரெகவரி நம்பர் எதுன்னு இப்பவே போய்ப் பார்த்துட்டு, என்னை மாதிரி பழைய சிம் வெச்சிருந்தவங்க கமெண்ட்ல கை தூக்குங்க. நம்பரை அங்க எழுதிடாதீங்க.